மலையகத்துக் கல்யாணத்தில் பூவும் மணவறையும்: கையிலிருக்கும் காசுக்குள் முடிக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை கட்டுவதும் மணவறை போடுவதும் என் தொழில். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கமிருந்து கல்யாணம் பேச வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதுளை, பண்டாரவளை, கண்டி, மாத்தளைக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். விலை எதையும் எழுதவில்லை. இன்று எழுதுகிற விலை அடுத்த முகூர்த்தத்துக்குள் மாறிவிடும். எதைக் கேட்க வேண்டும், எங்கே கையை இறுக்கலாம் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பூவுக்கும் அலங்காரத்துக்கும் எவ்வளவு ஒதுக்குவது?

"நகை, சேலை, சாப்பாடு எல்லாம் போக மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் கடைசி வாரத்தில் மிச்சம் என்று ஒன்று இருக்காது. ஆனால் மணவறை இல்லாமல் முடியாது. அப்போதுதான் வட்டிக்கு வாங்க ஓடுவார்கள். தாலிக்கும் கூறைக்கும் காசு ஒதுக்கும் அன்றே இதற்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். தொகை பெரிதோ சிறிதோ, நான் பிரிக்கச் சொல்வது இப்படி: பாதி மணவறைக்கும் மேடைக்கும், கால் பங்கு மாலை, தலைப்பூ, உதிரிப்பூவுக்கு, மீதிக் கால் வாகனக் கூலிக்கும் கட்ட வருகிற பையன்களின் சாப்பாட்டுக்கும் கடைசி நேரத் தேவைக்கும்.

இந்தக் கடைசிக் காலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மலையில் அலங்காரச் செலவைக் கூட்டுவது பூ இல்லை, ஏற்றம்தான். கீழேயிருந்து வருகிற வாழைமரம், குருத்தோலை, கதிரை, மணவறைத் தூண் எல்லாவற்றுக்குள்ளும் லொறி வாடகை ஒளிந்திருக்கிறது. அதனால் எந்தச் சாமானைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "என்ன விலை?" என்பதாக இருக்கக் கூடாது, "எங்கேயிருந்து வருகிறது?" என்பதாக இருக்கட்டும். மேலேயே கிடைக்கிறதை மேலே வாங்குங்கள். கீழிருந்துதான் வரவேண்டும் என்பவற்றை ஒரே வண்டியில் ஏற்றுங்கள்.

சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. சீட்டை எடுப்பது கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் இருக்கும்படி பேசி வையுங்கள். கல்யாண மாதத்தில் எடுத்தால் அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில் கையில் சல்லி இருக்காது. மொய்யை நம்பியும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மொய்ப் பணத்தை எண்ணி முடிக்க ராத்திரியாகும். டெக்கரேஷன்காரர் பாக்கியைக் கேட்பது பகல் சாப்பாட்டுக்கு முந்தி.

எந்த நாள் வைத்தால் செலவு குறையும்?

ஆடியும் மார்கழியும் போனால், தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும்தான் கூட்டம். முகூர்த்தமும் ஞாயிறும் சேர்ந்து வந்த நாளில் மலையகத்தில் ஒரு நல்ல மணவறை சும்மா இருக்காது. அன்றைக்குப் பேரம் பேசவும் முடியாது. புதனோ வெள்ளியோ வைத்தால் மண்டபமும் மணவறையும் இறங்கி வரும். ஆனால் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு அன்றைக்கு ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும், அதையும் யோசியுங்கள். வரவேற்பை ஞாயிறு வைத்து, தாலி கட்டுவதை அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயிலில் நெருங்கிய சொந்தத்தோடு முடிக்கிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது.

நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகால சீசனில் மட்டும் வைக்காதீர்கள். அறை, வேன், மண்டபம் எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான விலைக்குப் போய்விடும். பெப்ரவரி 14ஐ ஒட்டிய நாட்களில் ரோஜாவைத் தொட முடியாது. நாள் அந்த வாரத்தில்தான் அமைந்தது என்றால் ரோஜாவை விட்டுவிட்டுச் செவ்வந்திக்கும் கார்னேஷனுக்கும் மாறிக்கொள்ளுங்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பக்கம் பந்தலா, டவுனில் மண்டபமா?

டவுன் மண்டபத்தில் வாடகை கூட, அலங்காரம் குறைவு. சுவர், கதிரை, லைட் எல்லாம் அங்கேயே இருக்கும். ஆனால் வெளி டெக்கரேஷன்காரரை உள்ளே விடாத மண்டபங்களும், விடுவதற்குத் தனிக் காசு கேட்கிற மண்டபங்களும் உண்டு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள், கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தோட்டத்தில் இடம் கிட்டத்தட்ட இலவசம். கோயில் மண்டபமோ, சமூக நிலையமோ, மைதானமோ கிடைக்கும். ஆனால் கொட்டகை, தறப்பாள், மேசை, கதிரை, ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் வரவேண்டும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. உண்மையிலேயே மலிவாக முடிவது மூன்றாவது வழி: கோயிலிலேயே தாலி கட்டி, கோயில் மண்டபத்திலேயே சாப்பாடு. கோபுரமும் தூணும் விளக்கும் ஏற்கனவே இருக்கிற இடத்தில் வாசலுக்கு வாழைமரமும் தோரணமும், சாமிக்கு ஒரு மாலை, மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு சோடி மாலை போதும். அதற்கு மேல் கட்டினால் கோயிலின் அழகைத்தான் மறைப்பீர்கள்.

எந்தப் பூ இங்கேயே கிடைக்கும், எது கீழிருந்து வரவேண்டும்?

1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவின் குளிர் கார்னேஷனுக்கும் ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் லில்லிக்கும் அல்வா மாதிரி. நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் பொலித்தீன் கூடாரம் போட்டு வளர்க்கிறார்கள். கொழும்புக் கல்யாணங்களுக்குப் போகிற பூவில் ஒரு பங்கு இங்கேயிருந்துதான் இறங்குகிறது. அதே பூவைக் கொழும்பு டெக்கரேஷன்காரர் மூலம் திரும்ப மேலே ஏற்றி வாங்குகிற கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

வளர்க்கிறவரிடம் நேரே போனால் ஒன்று கேளுங்கள்: "குட்டைத் தண்டு இருக்கா?" பூவின் தரத்தைப் பெரும்பாலும் தண்டின் நீளத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். தண்டு குட்டையானதும் கொஞ்சம் வளைந்ததும் கடைக்குப் போகாது, விலை இறங்கும். மாலைக்கும் மணவறைக்கும் நாங்கள் எப்படியும் தண்டை வெட்டித்தான் எறிகிறோம். நீளத் தண்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் கையில் பிடிக்கிற பொக்கேயும் மேசை ஜாடியும் மட்டும்தான்.

கூடாரத்துப் பூவைத் தவிர, வீட்டுத் தோட்டத்துப் பூ இருக்கிறது. ஹைட்ரேஞ்சியா, டேலியா, வெள்ளைக் கலா லில்லி, செவ்வந்தி எல்லாம் குவார்ட்டர்ஸ் வாசல்களிலும் ஓடைக் கரைகளிலும் பூத்துக் கிடக்கும். ஹைட்ரேஞ்சியாவின் ஒரு கொத்து இடத்தை நிரப்புவது போல வேறு எந்தப் பூவும் நிரப்பாது. மணவறையின் அடிப்பக்கத்துக்கும் வாசல் வளைவுக்கும் அதை வைத்தால் ரோஜா கால்வாசி போதும். இரண்டு மாதம் முன்னாலேயே அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிவையுங்கள். சும்மா கொடுப்பார்கள்தான், என்றாலும் கல்யாணத்துக்கு முதல் நாள் போய்ப் பூவை வெட்டும்போது கையில் பலகாரத்தோடு போவது மரியாதை.

இலைக்குப் பன்னமும் (ஃபேர்ன்) யூகலிப்டஸும் சவுக்கு இலையும் போதும். சவுக்கு என்று நாங்கள் சொல்வது தோட்டத்து சில்வர் ஓக் மரத்தை. சவுக்கு இலை ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளி நிறம், திருப்பித் திருப்பிக் கட்டினால் லைட்டில் நன்றாக மின்னும். தேயிலைக் கொழுந்தால் அலங்கரிக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் கொழுந்து கசங்கின இடத்தில் கறுத்துவிடும், ஃபெக்டரியில் நடக்கிற வேலை மணவறையிலும் நடக்கும். வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் கொய்து, கை படாமல் ஒரு கூடையில் வைத்து வரவேற்பு மேசையில் வையுங்கள்.

கீழிருந்து வரவேண்டியவை: மல்லிகை, தாமரை, குலையோடு வாழைமரம், குருத்தோலை, மாவிலை, பாக்குக்குலை. தென்னை நுவரெலியா உயரத்தில் வளராது, மா தேறாது, வாழை நின்றாலும் குலை தள்ள நாளாகும். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இந்தப் பட்டியலை அப்படியே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு வருகிற வேனிலேயே ஏற்றி வருவார்கள். அந்தூரியமும் ஒர்கிட்டும் கண்டிப் பக்கத்துச் சூட்டுக்கு நன்றாக வரும். கண்டி, மாத்தளைக் கல்யாணங்களுக்கு அவைதான் உள்ளூர்ப் பூ.

மல்லிகை இல்லாமல் முடியாதா?

தலைக்கு வேண்டும், மறுக்கவில்லை. தலைக்கு மட்டும் வாங்குங்கள். மணவறைத் தூணுக்கெல்லாம் மல்லிகைச் சரம் சுற்றுவது கீழ்நாட்டுப் பழக்கம், இங்கே அது வீண் செலவு. பெண்ணுக்கு நாலு முழம் முதல் ஆறு முழம் வரை, கூட நிற்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம், அவ்வளவுதான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கொழும்பில் காலையில் வாங்கிய மொட்டு அங்கே சாயங்காலம் மலர்ந்துவிடும். அதே மொட்டு நுவரெலியாக் குளிரில் இறுகிப்போய் அப்படியே இருக்கும். விடியற்காலை முகூர்த்தமென்றால் முதல் நாள் மத்தியானமே சரத்தை மேலே கொண்டுவந்து, ஈரத் துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, அடுப்படிச் சூடு எட்டுகிற ஓரமாக வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மலராது, ஓரமும் பழுத்துப்போகும்.

மாலை எத்தனை சோடி?

பெண் அழைப்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, அப்புறம் தலைவருக்கு, துரைக்கு (தோட்ட நிர்வாகிக்கு), கோயில் கமிட்டிக்கு, தாய்மாமன்மாருக்கு என்று நம் ஊரில் மாலைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மாப்பிள்ளை பெண்ணுக்கு இரண்டு சோடி போதும்: முகூர்த்தத்துக்கு ரோஜாவும் செவ்வந்தியும் சேர்த்துக் கனமாக ஒன்று, வரவேற்புக்குக் கார்னேஷனில் மெல்லிசாக ஒன்று. மற்றவர்களுக்குச் சந்தனம், குங்குமம், ஒற்றை ரோஜா. மாலை போட்டே ஆக வேண்டிய பெரியவர் என்றால் பொன்னாடை. அது வாடாது, அவரும் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

கனமான மாலை சொல்லும்போது கட்டுகிறவரிடம் கழுத்தில் படுகிற பின்பக்கத்துக்குப் பூ வேண்டாம், நாரும் மெல்லிய துணியும் போதும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சாண் இடத்தைப் படம் பிடிக்கப்போவதில்லை. கழுத்தும் தப்பும், பூவும் மிச்சம்.

பூவை எத்தனை நாள் முன்னால் வாங்கலாம்? வாடாமல் எப்படி வைப்பது?

குளிர் நமக்குக் கிடைத்த இலவச ஃப்ரிட்ஜ். கார்னேஷனும் செவ்வந்தியும் மூன்று நாள் முன்னால் வாங்கினாலும் தாங்கும். ரோஜாவும் ஜெர்பராவும் முதல் நாள். ஹைட்ரேஞ்சியாவும் டேலியாவும் முதல் நாள் சாயங்காலம் அல்லது அன்று விடிய.

வெட்டுவது காலைப் பனி காய்ந்த உடனே, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. தண்டைச் சரிவாக வெட்டி உடனே தண்ணீரில் விடுங்கள். தண்ணீருக்குள் போகிற இலையை எல்லாம் உருவிவிடுங்கள், விட்டால் அழுகித் தண்ணீர் நாறும், பூவும் கூடப் போகும். வாளி சுத்தமாக இருக்க வேண்டும். பெயின்ட் வாளியும் உர வாளியும் கூடாது. ஜெர்பராவுக்கு நாலு விரல் தண்ணீர் போதும், கழுத்துவரை விட்டால் தண்டு அழுகித் தலை சாய்ந்துவிடும்.

ஹைட்ரேஞ்சியாதான் எல்லோரையும் பயமுறுத்தும். வெட்டி அரை மணித்தியாலத்தில் துவண்டு கந்தல் துணியாகத் தொங்கும். எறிந்துவிடாதீர்கள். தண்டின் நுனியைத் திரும்ப வெட்டி, படிகாரத் தூளில் தொட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். அதற்கும் எழும்பவில்லை என்றால் பூவைத் தலைகீழாக ஒரு பேசின் தண்ணீருக்குள் முழுவதுமாக அமுக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அந்தப் பூ இதழாலும் தண்ணீர் குடிக்கும். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

வண்டியில் ஏற்றும்போது பூவை டிக்கியில் அடைக்காதீர்கள். இந்தப் பாதையின் வளைவுகளில் வாளி கவிழ்ந்தால் கதை முடிந்தது. கயிற்றால் வாளிகளைச் சேர்த்துக் கட்டி, இடையில் பழைய பத்திரிகையைத் திணித்து அடையுங்கள்.

காட்டில் போய்ப் பாசியும் பூவும் பிடுங்கி வந்தால் என்ன?

வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி மாதிரித் தேசிய வனங்களில் செடி பிடுங்குவது குற்றம், ஒதுக்குக் காடுகளிலும் அப்படித்தான். தோட்டத்துச் சவுக்கை வெட்டுவதற்கும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிளைதானே என்று நினைப்பீர்கள், கல்யாண நேரத்தில் வாக்குவாதம் எதற்கு?

கூடவே விஷச் செடிகளையும் சொல்லிவிடுகிறேன். வேலியில் மணி மணியாகத் தொங்குகிற பெரிய ஊமத்தைப் பூ படத்துக்கு அழகு, ஆனால் விஷம். அலரியும் அப்படித்தான். கலா லில்லியின் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். இவற்றைச் சாப்பாட்டு மேசையிலும் கேக் மேலும் வைக்கவே கூடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற இடத்திலும் வேண்டாம்.

பிளாஸ்டிக் பூ, பொலித்தீன் தோரணம் மலிவாக இருக்கிறதே?

மலிவுதான், சட்டம் இருக்கிறது. 2017 செப்டெம்பர் 1 முதல் சமய, கலாசார, சமூக நிகழ்ச்சி எதிலும் பொலித்தீனால் அலங்கரிப்பது தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் மாலைகளுக்கும் தடை, தட்டு, கப், கரண்டி, ஸ்ட்ரோவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் ஊரில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று: மறுநாள் அந்தத் தோரணமெல்லாம் ஓடையில்தான் கிடக்கும், கீழே இருக்கிற லயத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

துணிப்பூ வேறு விஷயம். டெக்கரேஷன்காரர்கள் திரும்பத் திரும்பப் பாவிக்கிற துணிப்பூவை நான் குறை சொல்லமாட்டேன். பின்திரைக்கும் மேடையின் மேல்பக்கத்துக்கும் துணிப்பூ, கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில் நிஜப்பூ. பத்தடி தூரத்தில் இருந்து பார்க்கிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. துணிப்பூவில் தூசி இருந்தால் மட்டும் தெரியும், படத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். எடுப்பதற்கு முன் ஒன்றைக் கையில் வாங்கி உதறிப் பாருங்கள்.

மணவறை பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

"பக்கேஜ் இவ்வளவு" என்று ஒரே தொகை சொல்வார்கள். அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். மணவறை, பின்திரை, வாசல் வளைவு, கம்பளம், கதிரை மூடி, லைட், பெயர்ப் பலகை என்று தனித்தனியாக விலை போடச் சொன்னால் வேண்டாததை வெட்டலாம். கதிரை மூடியை நான் முதலில் வெட்டுவேன். சனம் வந்து உட்கார்ந்த பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. மழை நாளில் ஈரம் பிடித்து நாறவும் செய்யும். அடுத்து வெட்டக்கூடியது நடைபாதை இரண்டு பக்கமும் வைக்கிற பூத்தூண்கள். வாசலையும் மணவறையையும் வெட்டாதீர்கள். வருகிறவர் முதலில் பார்ப்பது வாசல், படத்தில் என்றைக்கும் நிற்பது மணவறை.

மணவறைக்குள் சடங்குச் சாமான் எது யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். குத்துவிளக்கு, நிறைகுடம், அரசாணிக்கால், ஓமகுண்டம், ஐயருக்கான பலகை இதெல்லாம் டெக்கரேஷன்காரர் கொண்டுவருவாரா, ஐயர் கொண்டுவருவாரா, நீங்களா? அவர் கொண்டுவருவார் என்று இவரும், இவர் கொண்டுவருவார் என்று அவரும் நினைத்து, முகூர்த்த நேரத்தில் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓமகுண்டம் தேடி அலைகிற கல்யாணங்கள் நடக்கத்தான் செய்கின்றன.

பிறகு, நம் மலைக்கே உரிய இரண்டு கேள்விகள். ஒன்று: "லொறி எதுவரை வரும்?" லயத்துக்குப் படிக்கட்டுத்தான் வழி என்றால் தூண்களைத் தோளில் தூக்க வேண்டும். அதற்கு ஆள் யார், கூலி யார் என்று பேசி வையுங்கள். முடிந்தால் டெக்கரேஷன்காரரை இடத்துக்கு ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள். கூரை உயரத்தையும் கதவு அகலத்தையும் அளந்து கொடுங்கள். சமூக நிலையத்துத் தாழ்ந்த கூரைக்குள் உயரமான மணவறை நுழையாது. இன்னொன்று: "அன்றைக்கு வேறு கல்யாணம் இருக்கா?" ஒரே மணவறையை இரண்டு இடத்துக்குப் பேசியிருந்தால், நீங்கள் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பையன்கள் வந்து பின்திரையை அவிழ்க்கத் தொடங்குவார்கள். எத்தனை மணிக்குக் கட்டி முடிப்பார், எத்தனை மணிக்கு முன்னால் கழற்றமாட்டார், இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

ஃபோனில் காட்டுகிற படங்களை மட்டும் நம்பாதீர்கள், இணையத்தில் எடுத்த படமாகவும் இருக்கலாம். அவர் அடுத்து எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டு, அந்த மண்டபத்து வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும்.

கொழும்புக்காரரா, உள்ளூர்க்காரரா?

உள்ளூர். மழையும் மண்சரிவும் அவருக்குத் தெரியும், தூண் ஒன்று உடைந்தால் அரை மணித்தியாலத்தில் இன்னொன்று கொண்டுவருவார், பிரச்சினை வந்தால் அவர் வீட்டு வாசலுக்குப் போகலாம். கொழும்புக்காரரின் கைத்திறன் சில இடத்தில் கூடத்தான், ஆனால் நீங்கள் கொடுக்கிற காசில் ஒரு பெரிய பங்கு பெற்றோலுக்கும் பையன்களின் அறை வாடகைக்கும் போகிறது.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? ஏமாற்றினால் எங்கே போவது?

நாளைப் பிடித்துவைக்க ஒரு சிறு தொகை, ஒரு வாரம் முன்னால் பாதி, கட்டி முடித்ததைப் பார்த்த பிறகு மீதி. முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பவரிடம் போகவேண்டாம். ஒவ்வொரு முறையும் திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு கொப்பித் தாளில் நாள், இடம், சாமான் பட்டியல், தொகை, நாள் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னவாகும் என்பதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயம் எழுதுங்கள்.

ஏமாற்றம் நடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். காசுத் தகராறென்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம், சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. இரண்டு இடத்திலும் அந்தக் கொப்பித் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

மழை, மூடுபனி, பாதை?

ஹட்டன், மஸ்கெலியா, நாவலப்பிட்டிச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் வறட்சியும் காற்றுமாக இருக்கும், அவர்களுக்கு மழை ஆண்டுக் கடைசியில். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை கிடையாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பாதைகளை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் நாள் வைத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டிருங்கள். கீழிருந்து வரவேண்டியதை முதல் நாள் காலையே ஏற்றிவிடுங்கள்.

திறந்தவெளிப் பந்தலில் தறப்பாளைச் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள். தட்டையாகக் கட்டினால் நடுவில் தண்ணீர் குளமாகி யார் தலையிலாவது இறங்கும். பதுளைக் காற்றுக்கு உயரமான வாசல் வளைவு வேண்டாம். அரிசிமாக் கோலம் ஈரத்தில் நிற்காது, அதற்குப் பதிலாக உதிரிப்பூவில் கோலம் போடலாம். மூடுபனி பல நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகுதான் இறங்கும், வெளிப் படங்களை முகூர்த்தம் முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள்.

லைட், பாட்டுப்பெட்டி?

சுருக்கமாகச் சொல்கிறேன். லயத்து மின்கம்பியில் பெரிய லைட்டுகளைக் கொளுவாதீர்கள், ஒரு ஜெனரேட்டர் எடுங்கள் அல்லது எல்ஈடி சரங்களோடு நிறுத்துங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை போட முடியாது. சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலமா என்று பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

தேவாலயத்தில் கல்யாணம் என்றால்?

முதலில் சுவாமியை (பங்குத்தந்தையை) கேளுங்கள். தவக்காலத்தில் பீடத்தில் பூ வைப்பதில்லை. மற்ற நாட்களில், அதே வாரத்தில் இன்னொரு கல்யாணமோ திருவிழாவோ இருந்தால் பீடத்துப் பூச்செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். சனிக்கிழமைக் கல்யாணத்துப் பூ ஞாயிறு பூசைக்கும் நிற்கும். பெஞ்சுகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று பூ கட்டினால் போதும்.

சொந்தக்காரப் பையன்கள் எல்லாம் நாங்களே செய்கிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

பந்தல் போட நம்பலாம், மணவறைக்கு வேண்டாம். கொட்டகைக்குக் கால் நட, தறப்பாள் இழுக்க, வாழைமரம் கட்ட, கதிரை போட நம் பையன்களைப் போல் யாரும் வரமாட்டார்கள். சாப்பாடும் தேத்தண்ணியும் நேரத்துக்குக் கொடுத்தால் ராத்திரியோடு முடித்துவிடுவார்கள். தோரணம் பின்னப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். குருத்தோலையில் கிளியும் மணியும் முடிகிற கை இன்னும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றிரண்டு இருக்கிறது, டெக்கரேஷன்காரரிடம் அந்த வேலையைக் காசுக்கும் வாங்க முடியாது. உதிரிப்பூ ஆய்வது, தட்டு அலங்கரிப்பது பெண்கள் கூடியிருந்து செய்கிற வேலை, நலங்கு அன்றே முடியும்.

ஒரே நிபந்தனை: அன்றைக்கு டெக்கரேஷன்காரர் ஃபோன் எடுத்துப் பேச ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். அது மாப்பிள்ளையாகவோ பெண்ணின் அப்பாவாகவோ இருக்கக் கூடாது. நிதானமான ஒரு சித்தப்பாவோ மச்சானோ சரி. பாக்கிக் காசும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

முடிந்த பிறகு பூவையும் சாமானையும் என்ன செய்வது?

நல்ல பூவைக் கோயிலுக்கும் வயதானவர்கள் இருக்கிற வீடுகளுக்கும் அன்று சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். வாடினதில் கம்பியையும் நூலையும் உருவிவிட்டு மரக்கறித் தோட்டத்துக் குழியில் போடலாம். வாடகைச் சாமானை எடுக்கும்போதே இரண்டு பேர் நின்று எண்ணி, கீறலும் உடைவும் இருந்தால் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே இரண்டு பேர். குத்துவிளக்கின் மேல்துண்டும் கதிரை மூடியும்தான் அதிகம் காணாமல் போகிறவை, அவற்றை முதலில் எண்ணுங்கள். எண்ணிக் கொடுத்த கையோடு வைப்புக் காசைத் திரும்ப வாங்கிவிடுங்கள், மறுவீடு முடிந்து பார்க்கலாம் என்று விடவேண்டாம்.